பச்சை ரிப்பன் கட்டிய பெட்டி

மெட்லாக், டெக்சஸ்
அக்டோபர் 12, 1981

அன்பு மருமகள் ட்வைலாவுக்கு,

ஒரு கோதுமை வயலுக்கும், சொல்பேச்சுக் கேட்காத சில பசுக்களுக்கும், தூங்கிக்கொண்டிருக்கும் ஓர் எரிவாயுக் கிணற்றுக்கும் ஏகச் சக்கரவர்த்தியான உன் தாய்மாமன் டெல்மர் ஹக்கபி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நானும் நாயும். சியாட்டில் ஆஸ்பத்திரியில் உனக்கு இரவு வேலை குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. மழை ஓயவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதில் கொஞ்சத்தைப் பார்சல் கட்டி அனுப்பு. இங்கே காற்றுதான். போன வாரம் நம் நாய் வாயைத் திறந்தது, குரைப்பு மட்டும் வேலியைத் தாண்டிப் பறந்து ரேஃபோர்ட் கூன்ஸ் வீட்டு நாயின் வாயில் போய் விழுந்துவிட்டது. என் சொத்தெல்லாம் அந்த வீட்டுக்கே போகிறது என்பதற்கு இது இன்னொரு சாட்சி.

ரேஃபோர்டின் பேச்சை எடுத்துவிட்டேன், இனி நிறுத்த முடியாது. வசந்தத்தில் அவன் எரிவாயுக் கிணற்றுக்குக் குழாய் வந்து சேர்ந்தது. அன்று முதல் அவன் நிலத்தின் அடியிலிருந்து பணமாகவே வருகிறது. சிவப்பு நிறத்தில் புது பிக்கப் வாங்கியிருக்கிறான். அதைக் கழுவி நிறுத்தினால் சூரியன் தான் உதிக்க வேண்டிய இடம் அதுதானோ என்று தடுமாறுகிறது. காலில் நெருப்புக்கோழித் தோல் பூட்ஸ். அந்தக் கோழி எவன் காலுக்குப் போகப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஓட்டத்தை இன்னும் பழகியிருக்கும். இது பொறாமை என்று நினைப்பாய். ஆமாம், பொறாமைதான். ஆனால் அற்பமானது அல்ல. மூன்று மாவட்டத்துக்குப் பங்கிட்டுக் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

அவன் கிணற்றுக்கும் என் கிணற்றுக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலிதான். இரண்டுக்கும் அடியில் ஒரே வாயு. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது ஹியூஸ்டன் கம்பெனிக்காரர்கள் என் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் துளை போட்டார்களே, நினைவிருக்கிறதா? வாயு கிடைத்தது, விற்கக் குழாய் இல்லை. இரும்பு மூடி போட்டுப் பூட்டிவிட்டுப் போனவர்கள்தான். வருஷத்துக்கு ஒருமுறை, அக்டோபர் பதினேழுக்குள், ஏக்கருக்கு ஒரு டாலர் வீதம் ஒரு செக் வரும். அந்தச் செக் வந்துகொண்டிருக்கும் வரை குத்தகைக்கு உயிர் உண்டு. கிணற்றைத் திறக்கவும் வேண்டாம், நிலத்தை விடவும் வேண்டாம். ஒருவன் குதிரையைக் கட்டிப்போட்டு, ஏறியும் ஓட்டாமல், அவிழ்த்தும் விடாமல், வருஷத்துக்கு ஒரு கேரட்டை மட்டும் நீட்டிக்கொண்டே இருந்தால் குதிரை என்ன நினைக்கும்?

இதை நேற்று முன்தினம் தபால்பெட்டி அருகில் நின்று ஒலீட்டாவிடம் சொற்பொழிவாகவே ஆற்றினேன். ஒலீட்டா பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவன் ஹார்லன் இறந்தபின் தனியாளாக இந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் தபால் கொண்டுவருகிறாள். ஜீப்பை நிறுத்தி முழுவதையும் கேட்டாள். பிறகு, "ஆமா டெல்மர். வருஷத்துக்கு ஒரு தடவ ஏதோ ஒண்ணக் குடுத்துட்டா போதும், எல்லாம் நம்ம கையில இருக்கும்னு நினைக்கிற ஆளுங்கள நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். பாவம், இன்ஷூரன்ஸ்காரர்கள் அவளையும் ஏமாற்றுகிறார்கள் போலிருக்கிறது.

இனி முக்கியச் செய்தி. காதைக் கிட்டே கொண்டுவா. இந்த வருஷச் செக் இன்னும் வரவில்லை! ஹியூஸ்டனில் யாரோ ஒரு புண்ணியவான் மறந்திருக்கிறான். சனிக்கிழமை பதினேழு. அன்றைக்குள் பணம் என் கைக்கு வராவிட்டால் குத்தகை செத்தது. டல்லஸ் கம்பெனி ஒன்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்றே அவர்கள் கொடுக்கும் முன்பணத்தில் ரேஃபோர்டுடையதைவிட ஒரு சாண் நீளமான சிவப்பு பிக்கப் வாங்கி, அவன் வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் வழி கேட்பேன்.

அதே சனிக்கிழமை மாலைதான் தீயணைப்புப் படைக்கு நிதி திரட்டும் சாப்பாட்டுப் பெட்டி ஏலம். பெண்கள் சமைத்துக் கட்டிவரும் பெட்டியை ஆண்கள் ஏலம் எடுத்து, கட்டியவளோடு உட்கார்ந்து சாப்பிடுவது. எந்தப் பெட்டி யாருடையது என்று தெரியக்கூடாது என்பது விதி. ஒலீட்டாவின் பெட்டியில் வருஷாவருஷம் அதே பச்சை ரிப்பன். ஹார்லன் போன மறு வருஷத்திலிருந்து அந்தப் பெட்டி என்னுடையது. போட்டிக்கு யாரும் கை தூக்குவதில்லை. வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து கோழி வறுவலைச் சாப்பிடுவோம். நான் கோதுமை விலை பற்றிப் பேசுவேன். அவள் கேட்பாள். பிறகு வீட்டுக்கு வந்துவிடுவேன். அருமையான மாலை.

பதினேழாம் தேதி எனக்கு இரட்டைத் திருவிழா. வாழ்த்து.

வெகு சீக்கிரம் பெரும் பணக்காரனாகப் போகும்
உன் மாமன்,
டெல்மர் ஹக்கபி

*

மெட்லாக்
அக்டோபர் 20

அன்பு ட்வைலாவுக்கு,

சக்கரவர்த்தி என்று போன கடிதத்தில் எழுதியதை அடித்துவிடு. இந்தக் கடிதத்தை, ஒலீட்டா வந்து எடுத்துப்போகும் என் தபால்பெட்டியில் போடவில்லை. ஊருக்கு ஓட்டிப்போய் நானே தபால் நிலையத்தில் போடப்போகிறேன். காரணம் படிக்கப் படிக்கப் புரியும்.

சனிக்கிழமை நடுப்பகலில் ஒலீட்டா தபால் கொண்டுவந்தாள். விதைக் கம்பெனி விளம்பரம் ஒன்று, உன் கடிதம் ஒன்று. ஹியூஸ்டனிலிருந்து தூசிகூட வரவில்லை. நான் தபால்பெட்டியைச் சுற்றி ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பசுக்கள் வாரக்கணக்கில் பால் சுரக்காது என்று பயந்தேன். ஒலீட்டா, "ஆடினது போதும். ஆறு மணிக்கு வந்துடு. ஜீப்பு மெக்கானிக்கிட்ட போகுது, எங்கண்ணன் வண்டியில வருவேன்" என்றாள். முதல் பாதி என் காதில் விழுந்தது. இரண்டாம் பாதியை என் சந்தோஷம் விழுங்கிவிட்டது.

அவள் போனபின் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அதுதான் கெட்டது. ஹியூஸ்டன்காரர்களுக்கு இங்கே ஒரு ஆள் உண்டு, ஹோல்கம் என்று. கிணறுகளைப் பார்த்துக்கொள்கிறவன். அவன் கடைசி நேரத்தில் செக்கோடு நேரில் வந்து என் கையில் திணித்துவிட்டால்? பெட்டி ஏலத்துக்கு ஊரே வரும். அவனும் வருவான். கோழிக்காலைப் பிடிக்கக் கை நீட்டும்போது செக்கை வைத்துவிட்டால்? நள்ளிரவு வரை அவன் கண்ணில் நான் படவே கூடாது என்று தீர்மானித்தேன். ஏழு மணிக்குமேல் இருட்டியதும் அவன் கண்ணில் படாமல் மெதுவாகப் போய்விடலாம், ஒலீட்டாவின் பெட்டியைக் கடைசியில்தான் ஏலம் விடுவார்கள், எனக்காக எப்போதும் வைத்திருப்பார்கள் என்றும் கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு, புயலுக்கு ஒளியும் நிலவறைக்குள் ஒரு மீன் டப்பாவோடு இறங்கிக் கதவை மூடிக்கொண்டேன். சூறாவளிகள் எத்தனையோ பார்த்த நிலவறை. ஒரு செக்குக்குப் பயந்து ஒருவன் உள்ளே வந்ததை முதல்முறையாகப் பார்த்தது.

ஆறரை இருக்கும். மேலே ஒரு வண்டி வந்து நின்றது. தெரியாத எஞ்சின் சத்தம். ஹாரன் அடித்தார்கள். வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கனமான பூட்ஸ் கால்கள் முற்றத்தில் நடந்தன, நிலவறைக் கதவுக்கு மேலேயே வந்து நின்றன. ஹோல்கம்தான்! மூச்சைப் பிடித்துக்கொண்டேன். என் வயிறு கடமுட என்றது, அதையும் கையால் பொத்தினேன். நாய் குரைக்காமல் வாலை ஆட்டி ஓடுகிற சத்தம் கேட்டது. துரோகி நாய் என்று திட்டிக்கொண்டேன். வண்டி போய்விட்டது. அதன் பிறகு வெளியே வரத் துணிச்சல் வரவில்லை. வென்றுவிட்டேன் என்ற நினைப்பிலேயே உருளைக்கிழங்கு மூட்டைமீது சாய்ந்து தூங்கிப்போனேன்.

மறுநாள் தேவாலயத்தில் பூஃபோர்ட் என்னைச் சுவரோரம் ஒதுக்கினான். தீயணைப்புப் படைத் தலைவன், ஏலம் விடுபவனும் அவனே. "ஏன்யா டெல்மரு, செத்துகித்துப் போனியோன்னு பாத்தேன். பச்ச ரிப்பனக் கையில வச்சுக்கிட்டுக் கதவயே பாத்துக்கிட்டு நின்னேன்யா. இருமினேன், தண்ணி குடிச்சேன், தொப்பியக் கழட்டித் திரும்ப மாட்டினேன். எம்புட்டு நேரந்தான் இழுக்கிறது? ரேஃபோர்டு கையத் தூக்கிட்டான்" என்றான்.

ட்வைலா, ரேஃபோர்டுக்குக் குழாய் வந்ததைப் பொறுத்தேன். சிவப்பு வண்டியைப் பொறுத்தேன். என் கோழி வறுவலை அவன் தின்றான்! என் பின்பலகையில் அல்ல, அவனுடைய சிவப்புப் பின்பலகையில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து! பூஃபோர்ட் இன்னும் கேள் என்று சொன்னான்: ரேஃபோர்ட் கோதுமை விலை பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். அவள் சிரிக்கிற சத்தம் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கேட்டதாம். என்னோடு உட்கார்ந்திருந்த எந்த வருஷமும் அவள் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் சிரித்ததில்லை. எனக்குள் எரிந்த எரிச்சலில் ஒரு குழாயைச் செருகியிருந்தால் சிகாகோ நகரம் முழுவதும் குளிர்காலம் பூராவும் கதகதப்பாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஒலீட்டா நிற்கவே இல்லை. ஓடுகிற ஜீப்பிலிருந்தே செய்தித்தாளை எறிந்துவிட்டுப் போனாள். இன்று காலை ஐந்து மணிக்கே எழுந்து நானே கோழி வறுத்தேன். வெளியே கரி, உள்ளே பச்சை. ஒரு பூட்ஸ் பெட்டியில் வைத்துப் பச்சைக் கயிறு கட்டினேன். பசு கட்டும் கயிறு, ஆனால் பச்சை. அதோடு தபால்பெட்டி அருகே காத்திருந்தேன்.

ஜீப் நின்றது. அவள் முதலில் நீட்டியது ஒரு நீளமான உறை. ஹியூஸ்டன்! உள்ளே செக். மூன்று நாள் தாமதம். அந்த நொடியில் எல்லாவற்றையும் மறந்து கத்தினேன்: "லேட்டு! செத்தது குத்தகை! ஒலீட்டா, ஒரு பேனா குடு!" உறையின் மேல் 'மறுக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பும்படி அவளிடமே கொடுத்தேன். பிறகு கோழிப் பெட்டியையும் நீட்டினேன். சனிக்கிழமைக்கு வரமுடியாமல் போய்விட்டது, அதற்குப் பதிலாக இது, என்று முணுமுணுத்தேன்.

அவள் வலது கையில் உறை, இடது கையில் பெட்டி. இரண்டையும் எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தாள். "சனிக்கிழம சாயங்காலம் உன் வீட்டு வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சேன். கதவத் தட்டினேன். வண்டி நிக்குது, நாய் நிக்குது, ஆளக் காணோம். உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சோன்னு எங்கண்ணன் பூட்ஸ மாட்டிக்கிட்டுத் தோட்டமெல்லாம் சுத்தினேன்" என்றாள். நான் நிலவறையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "அங்கதான் இருந்தியா?"

நான் ஹோல்கம் பற்றி விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"சரி டெல்மர், அவன் மூணு நாள் லேட்டு. நீயும் மூணு நாள் லேட்டு. லேட்டா வந்தா வாங்கக் கூடாதுன்னா ரெண்டையும் வாங்கக் கூடாது. வாங்கலாம்னா ரெண்டையும் வாங்கலாம். சட்டம் ஒண்ணுதானே? நாளைக்கு இதே நேரத்துக்கு வருவேன், சொல்லு" என்று உறையையும் பெட்டியையும் என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது இரண்டும் சமையல் மேசைமேல் இருக்கின்றன. செக்கை மாற்றினால் ஹியூஸ்டன் குத்தகை மறுபடியும் எழுந்து உட்கார்ந்துவிடும். அதைத்தான் டல்லஸ்காரன் படித்துப் படித்துச் சொன்னான்: தாமதமாக வந்ததை வாங்கினால் மன்னித்ததாக அர்த்தம். முன்பணம் போச்சு, நீள வண்டி போச்சு, ரேஃபோர்டின் வாசலில் நின்று வழி கேட்பதும் போச்சு. நாய் கோழிப் பெட்டியைப் பார்க்கிறது. நான் செக்கைப் பார்க்கிறேன்.

உனக்குக் குளிர் தாங்குகிறதா? கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

உன் குழம்பிய மாமன்,
டெல்மர்

*

மெட்லாக்
அக்டோபர் 29

அன்பு மருமகள் ட்வைலாவுக்கு,

நான் நலம். தொலைபேசியில் அழைத்தது நீயாகத்தான் இருக்கும், பசுக்களிடம் இருந்ததால் எடுக்க முடியவில்லை. எடுத்திருந்தாலும் இதை வாயால் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தப் புதன்கிழமை காலை ஒலீட்டா வருவதற்கு முன்பே ஊருக்குப் போனேன். வங்கியில் எனக்கு முன்னால் வரிசையில் யார் தெரியுமா? நெருப்புக்கோழிக் கால்கள். "என்ன பக்கத்து வீட்டுக்காரரே, டல்லஸ் பணமா?" என்றான் ரேஃபோர்ட், பல் முழுவதும் தெரிய. ஹியூஸ்டன் செக்கைக் கவுண்டரில் வைத்து, சங்கு ஊதுகிற குரலில், இதை என் கணக்கில் போடுங்கள் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் என் கையைப் பிடித்து, "மிஸ்டர் ஹக்கபி, இதப் போட்டா என்ன ஆகும்னு தெரியுந்தானே?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். ரேஃபோர்டுக்கு மட்டும் புரியவில்லை. ஒரு சிவப்பு வண்டியை வேண்டுமென்றே தூக்கி எறிகிறவனை அவன் பார்த்ததில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் என்னைப் பார்த்துக் குழம்பினான். அந்த ஒரு பார்வைக்கே முன்பணத்தில் பாதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

வங்கி ரசீதோடு தபால்பெட்டிக்கு ஓடிவந்தேன். ஒலீட்டா அதை வாங்கி, எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு கை நீட்டினாள். ஒரு நாள் பழைய கோழிப் பெட்டியைக் கொடுத்தேன். அங்கேயே கயிற்றை அவிழ்த்து ஒரு கடி கடித்தாள். மெல்ல நேரமாயிற்று. "டெல்மர், இதச் சாப்பிட்டு யாரும் செத்துப் போகலன்னா அதுவே அதிசயம்" என்றாள். ஆனால் துப்பவில்லை, ட்வைலா. விழுங்கினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அடுத்த அக்டோபர் வரைக்கும் கவலையில்லை என்று நான் பெருமூச்சு விட்டிருப்பேன் போல. அவள் அதைக் கேட்டுவிட்டாள். எஞ்சினை அணைத்தாள். எத்தனையோ வருஷமாக அந்தத் தபால்பெட்டி அருகே அவள் எஞ்சினை அணைத்ததே இல்லை. தபால் சட்டத்தில் அதற்கு இடமில்லையாம்.

"ரேஃபோர்டு ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்தாரு. உக்காந்து, தொப்பிய மடியில வச்சுக்கிட்டு, நேரடியா ஒரு கேள்வி கேட்டாரு. அடுத்த மாசம் நன்றித் திருநாளுக்கு எங்கண்ணன் வீட்டுல வச்சுப் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். அவள் நிறுத்தவில்லை. "ஹியூஸ்டன்காரனப் பத்தி நீ வருஷாவருஷம் இங்க நின்னு கத்தினதெல்லாம் நான் கேட்டிருக்கேன். கிணத்தத் திறக்கவும் மாட்டான், விட்டுட்டுப் போகவும் மாட்டான், ஒரு செக்கு அனுப்பிட்டா போதும்னு இருப்பான்னு. ஒவ்வொரு தடவையும் நீ கத்தி முடிச்சுட்டு, அடுத்த வார்த்த என்ன பேசுவியோன்னு நானும் வண்டிய நிறுத்திக்கிட்டு நின்னிருக்கேன். நீ கோதும விலையச் சொல்லுவ. இனிமே வருஷக் கணக்கு வேண்டாம் டெல்மர். இந்தக் கோழி நன்றித் திருநாள் வரைக்குந்தான் தாங்கும்."

ஜீப் போய்விட்டது. புழுதி அடங்கும் வரை நின்றேன். நாய்கூட என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கேவலம் இருந்தது.

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. ரேஃபோர்டின் வீட்டு விளக்கு எரிந்தால், அவளுக்குத்தான் ஏதோ எழுதுகிறான் என்று தோன்றுகிறது. அணைந்தால், எழுதி முடித்துவிட்டான் என்று தோன்றுகிறது. அவன் ஒரு முறை தலை வாரினால் நான் இரண்டு முறை வாருகிறேன். தலையில் அவ்வளவு முடி இல்லை என்பது வேறு விஷயம். அவனுக்கு எரிவாயு வந்ததற்கு நான் பட்ட பொறாமையெல்லாம் இப்போது பார்த்தால் குழந்தை விளையாட்டு. ஆனால் அவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான் அல்லவா, அதற்காக அவன்மேல் எனக்கு இருக்கும் பொறாமைக்கு டெக்சஸில் இடம் போதாது.

இனி உன்னிடம் ஒரு கோரிக்கை. உன் அம்மா லொரீன் போவதற்கு முன் ஒரு நீலநிற வெல்வெட் டப்பாவை உன்னிடம் கொடுத்துவைத்தாள் அல்லவா? எங்கள் அம்மாவுடையது. "மாமா, உனக்கு எப்ப வேணும்னாலும் கேளு" என்று அடக்கத்தன்று நீ சொன்னாய். எனக்கு எதற்கு, பசுவின் மூக்கில் மாட்டவா என்று கேட்டு உன்னைச் சிரிக்கவைத்தேன். அந்த டப்பாவை அனுப்பிவை. எதற்கு என்று கேட்காதே. பசுக்களுக்கு இல்லை.

அது இங்கே யார் கையால் வரும் என்று உனக்குத் தெரியும். அதனால் பெட்டியின்மேல் 'மாட்டுப் பூச்சி மருந்து' என்று எழுதச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். ஒலீட்டா பார்சலைக் குலுக்கிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாள். பூச்சி மருந்து அவ்வளவு சின்னதாகச் சத்தம் போடாது. வேண்டாம், ஒன்றும் எழுதாதே. என் பெயரும் முகவரியும் போதும். குலுக்கட்டும். குலுக்கிவிட்டு, தபால்பெட்டியில் போடாமல் வீட்டு வாசல் வரை வந்து கதவைத் தட்டினால், இந்த முறை முதல் தட்டிலேயே திறப்பேன்.

நன்றித் திருநாள் நவம்பர் இருபத்தாறு. முடிந்தால் நீயும் வா. வந்தால் எனக்குப் பேச்சுத் தடுமாறும்போது பக்கத்தில் நின்று முதுகில் குத்தலாம்.

நீ அங்கே தனியாக இருக்கிறாய். உன்னைப் பார்க்க வருகிற அந்த மரக்கப்பல் செய்யும் பையனைப் பற்றி மூன்று கடிதமாக இரண்டு இரண்டு வரிதான் எழுதுகிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு வரவேண்டியதெல்லாம் உரிய காலத்தில் வந்து சேரட்டும், வந்து கதவைத் தட்டும்போது நீ நிலவறையில் இல்லாமல் இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் மாமா,
டெல்மர்

பி.கு: ரேஃபோர்டும் அமரில்லோ நகைக்கடைக்கு எழுதிப்போட்டிருக்கிறானாம், பூஃபோர்ட் சொன்னான். அதையும் ஒலீட்டாதான் கொண்டுவந்து அவனிடம் கொடுக்க வேண்டும். அமரில்லோ இங்கிருந்து நூறு மைல். சியாட்டில் உலகத்தின் மறுமுனை. இந்த ஊரில் தபால் தாமதமாக வரவேண்டும் என்று பிரார்த்தனை செய்த ஒரே மனிதன் நான்தான். அந்தப் பிரார்த்தனையைக் கடவுள் இன்னும் மறக்காமல் வைத்திருக்கப் போகிறார். இன்றைக்கே போடு, கண்ணு.